பூர்-சென்-பியர்: கணவாய்க்கு முந்திய கடைசி ஊர்

சுவிஸில் இருக்கும் மகனையோ மகளையோ பார்க்க மட்டக்களப்பிலிருந்து போகும் பெற்றோருக்கு ஒரே மாதிரியான சுற்றுலாதான் வாய்க்கிறது. லூசேர்ன் மரப்பாலம், இன்ரலாக்கன், மேகத்துக்குள் ஏறும் ஒரு மலை ரயில், கடைசி நாளில் பயணப்பை நிறையச் சொக்லேற். சென்ற யூலையில் பேர்ண் நகரில் மகள் வீட்டில் தங்கியிருந்த நாங்களும் இவற்றையெல்லாம் குறைவில்லாமல் பார்த்து முடித்தோம். அதன் பின்னும் அவளுக்கு நான்கு நாள் விடுமுறை மிஞ்சியிருந்தது. இன்னும் என்ன பார்க்க ஆசை என்று கேட்டவளிடம், "மலையைப் பார்த்தது போதும் மகள், சனம் நடந்துபோன பழைய வழி ஏதும் இருந்தால் காட்டு" என்றேன். அவள் அழைத்துச் சென்ற இடம் பூர்-சென்-பியர் என்னும் எல்லையோரச் சிற்றூரும், அதற்கு மேலே உள்ள பெரிய சென் பேர்னார் கணவாயும் ஆகும். அங்கே மூன்று இரவுகள் தங்கினோம். நம்மவர்கள் அதிகம் போகாத இடம் என்பதால், போக நினைப்பவர்களுக்குப் பயன்படட்டும் என்று நல்லதையும் கெட்டதையும் எழுதி வைக்கிறேன்.

இந்த ஊர் சுவிற்சர்லாந்தின் தென்மேற்கு மூலையில், பிரெஞ்சு பேசப்படும் வலே மாநிலப் பகுதியில் இருக்கிறது. சுமார் 200 பேர் மட்டுமே வசிக்கிறார்கள். ஊரின் தெற்கு எல்லைதான் இத்தாலியின் வடக்கு எல்லை. பேர்ணிலிருந்து ரயிலில் மார்த்தினி என்னும் பட்டணத்துக்கு வந்து, அங்கிருந்து பள்ளத்தாக்கினூடாக ஓர்சியேர் வரை செல்லும் சிறிய சிவப்பு ரயிலில் ஏறி, ஓர்சியேரில் பேருந்துக்கு மாற வேண்டும். மூன்று மணித்தியாலத்துக்கு மேல் பிடிக்கும், ஆனால் மாறும் இடங்களில் ஒரு வண்டி மற்றதுக்காகக் காத்து நிற்பது போல நேரங்களை அமைத்திருக்கிறார்கள். வெளிநாட்டிலிருந்து வருபவர்களுக்கென்று ஒரு மாதத்துக்குச் செல்லுபடியாகும் அரைக்கட்டண அட்டை உண்டு. அதைப் பேர்ணிலேயே வாங்கிவிட்டுப் புறப்படுவது புத்தி.

உயரத்தைப் பற்றிப் பயப்பட வேண்டியதில்லை. ஊர் 1,632 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. நுவரெலியா இதைவிட உயரம். கணவாயின் உச்சி 2,469 மீற்றர். அது நம் நாட்டின் மிக உயர்ந்த மலையான பீதுருதலாகலையை விட 55 மீற்றர்தான் குறைவு. கடல் மட்டத்தோடு ஒட்டிக் கிடக்கும் கல்லடியில் பிறந்து வளர்ந்த நான், பீதுருதலாகலையின் உச்சி அளவுக்குப் பயணிகள் பேருந்தில் அமர்ந்தபடியே ஏறிப் போனதை இன்னும் நம்ப முடியாமல்தான் இருக்கிறேன்.

பேருந்து இறக்கிவிட்டபோது பிற்பகல் மூன்று மணி. ஊருக்குள் ஒருவரும் இல்லை. கற்சுவர் வீடுகள், கற்பலகை வேய்ந்த கூரைகள், ஒரு தெரு, அந்தத் தெருவில் இடைவிடாமல் நீர் விழும் ஒரு தொட்டி. ஊருக்குச் சற்று மேலே பெருஞ்சாலை போகிறது. அதில் பாரவூர்திகள் இத்தாலியை நோக்கி ஓடிக்கொண்டே இருந்தன, ஊரைத் திரும்பிப் பார்க்கவில்லை. 1964ஆம் ஆண்டு கணவாய்க்கு அடியில் 5.8 கிலோமீற்றர் நீளமான சுரங்கப்பாதை திறக்கப்பட்டது. அன்றுவரை இந்தக் கணவாயால் இத்தாலிக்குப் போவோர் வருவோர் எல்லோரும் இந்தத் தெருவால்தான் போயாக வேண்டும். குதிரை மாற்ற, சாப்பிட, பனி விடும்வரை படுத்துக்கிடக்க இந்த ஊர்தான் இடம். இப்போது மாரி கோடை எந்தக் காலத்திலும் சில நிமிடங்களில் மலைக்கு அடியால் போய்விடலாம்.

இதைப் புரிந்துகொள்ள மட்டக்களப்பு ஆட்களுக்கு அதிக விளக்கம் தேவையில்லை. மண்முனைத் துறையில் பாதை ஓடிய காலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். (மற்ற ஊர் வாசகர்களுக்கு: எங்கள் வாவியில் ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றிக் கடக்கும் மிதவையைத்தான் நாங்கள் பாதை என்கிறோம்.) வாவியின் கிழக்குப் பக்கமான எழுவான்கரையில் பாதைக்காகக் காத்திருந்தவர்களை நம்பித் தேத்தண்ணிக் கடையும் கச்சான்காரியும் பிழைத்தார்கள். 2014இல் பாலம் வந்தது. எல்லோருக்கும் நல்லது நடந்தது. ஆனால் துறையடியில் இறங்கி நிற்கும் தேவை ஒருவருக்கும் இல்லாமற் போயிற்று. பூர்-சென்-பியர் அப்படியான ஒரு துறையடி. அழகான கிராமம் ஒன்றைப் பார்க்கப் போகிறோம் என்று நினைத்துப் போனால் அரை மணித்தியாலத்தில் சலித்துவிடும். அதைவிட அழகான கிராமங்கள் சுவிஸில் நூறு உண்டு. வழிப்போக்கர்களுக்காகவே உண்டான ஊர் என்று தெரிந்துகொண்டு, அந்தக் கண்ணால் பார்த்தால் ஒவ்வொரு கல்லும் பேசத் தொடங்குகிறது.

தேவாலயத்துக்கு அருகே நிற்கும் கல்தூணை முதலில் பாருங்கள். அது உரோமர் நட்ட மைல்கல். கொன்ஸ்தந்தீன் பேரரசன் காலத்தது. மார்த்தினியிலிருந்து 24ஆவது மைல் என்பதைக் காட்டுவது. நான் நீர்ப்பாசனத் திணைக்களத்தில் வாய்க்கால் ஓரங்களில் மைல்கல் நட்டு உத்தியோகம் பார்த்தவன். நாங்கள் நட்டவற்றில் பாதி முப்பது வருடத்துக்குள் மாட்டு வண்டி இடித்தும் வேலிக்குக் கல் தேடியவர்கள் கிளப்பியும் காணாமற் போயின. பதினேழு நூற்றாண்டுக் கல்லின் முன் நின்றபோது கொஞ்சம் பொறாமையாகவே இருந்தது.

ஊரின் மற்றப் பெருமை நெப்போலியன். 1800ஆம் ஆண்டு மே மாதம், வட இத்தாலியில் ஒஸ்திரியப் படைகளை எதிர்பாராத பக்கத்தால் தாக்குவதற்காக, சுமார் 40,000 பேர் கொண்ட படையை அவர் இந்தக் கணவாயால் நடத்திச் சென்றார். அந்நாளில் சில்லு உருளக்கூடிய வழி இந்த ஊரோடு முடிந்துவிடும். மேலே கோவேறு கழுதைத் தடம்தான். ஆகவே பீரங்கிகளை இங்கே கழற்றி, குடைந்தெடுத்த மரக்குற்றிகளுக்குள் குழாய்களை வைத்து, பனியின் மேல் ஆட்களைக் கொண்டு இழுத்தார்கள். மே 20ஆம் திகதி நெப்போலியன் தாமும் கடந்தார். வெண்குதிரை முன்னங்கால்களைத் தூக்கி நிற்க அதன்மேல் வீற்றிருக்கும் புகழ்பெற்ற ஓவியத்தைப் பாடப்புத்தகத்தில் பார்த்திருப்பீர்கள். உண்மையில் அவர் போனது கோவேறு கழுதையில், இந்த ஊர் வழிகாட்டி ஒருவன் கூட வர.

இவையெல்லாம் எந்த நூலகத்திலும் கிடைக்கும். என்னை நிறுத்தியது அந்தப் படை விட்டுப்போன கடன். படைக்குக் கொடுத்த சமையற் பாத்திரங்கள், வெட்டப்பட்ட 2,000க்கு மேற்பட்ட மரங்கள், சுமை இழுத்த கூலி என்று ஊரார் கணக்கு எழுதிக் கொடுக்க, எல்லாவற்றையும் ஈடுசெய்வதாக நெப்போலியன் கடிதம் எழுதித் தந்தார். முழுமையாகத் தரவில்லை. ஊரார் அந்தக் கடிதத்தைத் தலைமுறை தலைமுறையாகப் பாதுகாத்து வைத்துக் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். கடைசியாக 1984இல் பிரான்ஸ் சனாதிபதி மித்தரோன் ஒரு நினைவுப் பதக்கத்தை வழங்கி மரியாதையோடு கணக்கைத் தீர்த்தார். மகள் இதைச் சிரித்துக்கொண்டு சொன்னாள். என் மனைவி சிரிக்கவில்லை. தொண்ணூறாம் ஆண்டு அகதி முகாமிலிருந்து திரும்பிய பிறகு, பித்தளைக் குடம் இரண்டு, ஆட்டுக்கல் ஒன்று, தையல் மெசின் ஒன்று என்று நட்டஈட்டுப் படிவத்தில் எழுதிக் கொடுத்தவள் அவள். "படிவத்தின் பிரதியை நானும் வைச்சிருந்திருக்கலாம்" என்று மட்டும் சொன்னாள்.

இனித் தங்குமிடம். ஊருக்குள் நாங்கள் இரண்டு இரவு இருந்த விடுதியின் பெயரைச் சொல்ல விரும்பவில்லை. அறை சுத்தம், கட்டில் நல்லது, சாளரத்தைத் திறந்தால் மாட்டு மணியோசை. இவற்றில் குறை சொன்னால் பாவம். ஆனால் இரவுச் சாப்பாட்டை எட்டரை மணிக்கு மேல் கேட்க முடியாது என்பதை ஒருவரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. யூலையில் ஒன்பதரை வரை வெளிச்சம் இருக்கிறது. நாங்கள் ஊருக்கு மேலே உள்ள அணைக்கட்டுப் பக்கம் நடந்துவிட்டு எட்டேமுக்காலுக்கு வந்தபோது சமையலறையில் விளக்கு அணைந்திருந்தது. ஊரில் வேறு கடையும் இல்லை. மகள் பையில் கொண்டுவந்த பாணும் மாசிச் சம்பலும் அன்று எங்களைக் காப்பாற்றின. அதைவிட உறுத்தியது சுடுதண்ணீர் விவகாரம். மனைவிக்கு இரவில் சுடுதண்ணீர் குடிக்காமல் நித்திரை வராது. போத்தலை நீட்டியபோது முகம் கோணாமல் நிரப்பித் தந்தார்கள். மூன்றாம் நாள் காலைக் கணக்கில் "சுடுநீர், நான்கு பிராங்" என்று இரண்டு வரி இருந்தது. பணம் பெரிதில்லை. தண்ணீருக்கு விலை எழுதிய கடதாசியை அவள் மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள்.

சாப்பாட்டைப் பொறுத்தவரை, வலே மாநிலம் ராக்கிளெற் என்னும் உணவுக்குப் பேர்போனது. பெரிய பாற்கட்டியின் வெட்டுமுகத்தை அனலில் காட்டி, உருகி வழிவதைக் கத்தியால் வழித்து, அவித்த உருளைக்கிழங்கின் மேல் விடுகிறார்கள். பக்கத்தில் வினாகிரியில் ஊறிய சின்ன வெள்ளரிக்காய். மணம் முதலில் மூக்கைச் சுளிக்க வைக்கும். நம் வீட்டுக் கருவாட்டு மணத்தை நினைத்துக்கொண்டால் பொறுத்துக்கொள்ளலாம். மூன்றாம் கவளத்தில் நான் இன்னொரு தட்டுக் கேட்டேன். மெல்லிய தாளாகச் சீவி வைக்கப்படும் உலர்ந்த இறைச்சி மாட்டிறைச்சி என்பதைச் சைவர்களும் மாடு உண்ணாதவர்களும் கவனிக்க வேண்டும். பார்வைக்கு ஒன்றும் தெரியாது. றை என்னும் தானிய மாவில் சுட்ட கறுத்த பாண் கல் மாதிரி இருந்தாலும், தேநீரில் தோய்த்தால் நன்று.

ஊருக்கு மேலே முக்கால் மணித்தியால நடையில் தூல் நீர்த்தேக்கம் இருக்கிறது. மற்றவர்கள் இதைக் கடந்துபோய்விடலாம். தொழில் காரணமாக நான் ஒரு பின்னேரத்தை அங்கேயே கழித்தேன். நான் பழகியது 1949இல் வேலை தொடங்கிய இங்கினியாகலை அணைக்கட்டு. அது மண் அணை. தன் பாரத்தாலேயே நீரைத் தடுத்து நிற்பது. இது 80 மீற்றருக்கு மேல் உயர்ந்த கொங்கிறீற் வளைவணை. நீரின் தள்ளுவிசையைத் தான் சுமக்காமல் இரு பக்கப் பாறைகளிடமும் ஒப்படைத்துவிடுவதால், உயரத்தைப் பார்க்கும்போது சுவர் நம்ப முடியாத அளவு மெல்லியதாகத் தெரிகிறது. இங்கினியாகலை அணை தேக்கும் சேனநாயக்க சமுத்திரம் நிறைவது மாரி மழையால், செலவாவது வயலுக்கு. இங்கே வேனிலில் உருகிவரும் பனிநீரைச் சேர்த்து, மாரியில் மின்சாரமாகச் செலவிடுகிறார்கள். இளவேனில் பிறக்கும்போது குளம் வற்றிக் கிடக்கும்.

அந்த நீரின் மேல் 2019இலிருந்து சூரிய மின்தகடுகள் மிதக்கின்றன. உயர்மலை நீர்த்தேக்கம் ஒன்றில் இப்படிச் செய்தது இதுவே முதல் முயற்சி. தகடுகள் இரு பக்கமும் ஒளி வாங்குபவை; சுற்றிலும் பனி கிடக்கும் நாட்களில் பனியில் பட்டுத் தெறிக்கும் ஒளியும் வீணாவதில்லை. பனி படியாமல் வழுக்கி விழ வேண்டும் என்பதற்காகச் சரிவை அதிகமாக்கியிருக்கிறார்கள். குளம் வற்றும்போது மிதவைகள் அப்படியே தரையில் குந்தி இருந்துவிட்டு, நீர் ஏற ஏறத் தாமும் எழும். அணைக்கட்டின் மேல் நின்று இதை நான் மனைவிக்கு விளங்கப்படுத்திக்கொண்டிருந்தபோதுதான் விடுதியின் சமையலறை விளக்கு அணைந்திருக்க வேண்டும். ஆகவே அந்தக் குற்றத்தில் எனக்கும் பங்குண்டு.

ஊர் ஓரத்தில் 1889இல் தொடங்கப்பட்ட லினேயா என்னும் மலைத்தாவரத் தோட்டம் ஒன்றும் உண்டு. விரல்நுனி அளவு பூக்களைக் குனிந்து குனிந்து பார்க்க வேண்டும். முழங்கால் நன்றாக இருப்பவர்களுக்கு உகந்தது.

மூன்றாம் நாள் காலை கணவாய்க்குப் பேருந்து ஏறினோம். மேலே போகும் பழைய வீதி 1905இல் அமைந்தது. பனி அகற்றப்பட்ட பின், ஏறத்தாழ யூனிலிருந்து ஒக்ரோபர் வரைதான் திறந்திருக்கும். சுரங்க வாயில் வரை பெருஞ்சாலையோடு போய், அங்கே எல்லா வாகனங்களும் இருட்டுக்குள் நுழைய, எங்கள் பேருந்து மட்டும் பிரிந்து வெறும் பாறையும் புல்லுமான சரிவில் வளைந்து வளைந்து ஏறியது. மரம் என்று சொல்ல ஒன்றுமில்லை. நிழல் விழும் குழிகளில் யூலையிலும் பழைய பனி அழுக்குத் துணிபோலக் கிடந்தது. உச்சியில் இறங்கியபோது காற்று காதை அறுத்தது. மனைவி சேலைக்கு மேல் மகளின் பெரிய குளிர்ச்சட்டையை மாட்டிக்கொண்டு இரண்டு அடி வைத்தவள், "இஞ்சாருங்க, இந்தக் குளிருக்குள்ள ஆரு வந்து இருப்பாங்க?" என்றாள்.

இருக்கிறார்கள், கிட்டத்தட்ட ஆயிரம் வருடமாக. அவொஸ்தா மறைமாவட்டத்தைச் சேர்ந்த பேர்னார் என்னும் குருவானவர் 1050ஆம் ஆண்டளவில், பனியாலும் கள்வராலும் வழிப்போக்கர்கள் மாண்டுபோவதைக் கண்டு, இந்த உச்சியில் ஒரு தங்குமிடம் அமைத்தார். அவருடைய பெயராலேதான் கணவாய்க்கு இன்றைய பெயர் வந்தது. 1923இல் பாப்பரசர் அவரை மலைவாழ் மக்களுக்கும் மலையேறுவோருக்கும் காவலராக அறிவித்தார். புனித அகுஸ்தீனார் ஒழுங்கைப் பின்பற்றும் துறவிகள் இன்றும் அங்கே வசிக்கிறார்கள். வீதி மூடிப் பனிச்சறுக்குக் கட்டைகளில் மட்டுமே வர முடிகிற மாரியிலும் கதவு வருபவர்களுக்குத் திறந்தே இருக்கிறது. அவர்கள் அதை ஒஸ்பீஸ் என்கிறார்கள். விடுதி, சத்திரம் என்று மகள் பெயர்த்துப் பார்த்தாள். எனக்கு மடம் என்ற சொல்லைத் தவிர வேறொன்றும் பொருந்தவில்லை.

நாங்கள் உச்சியில் நின்ற அதே வாரத்தில் என் தமையன் கதிர்காமப் பாதயாத்திரையில் இருந்தார். திருக்கோவில், பொத்துவில், உகந்தை என்று கோவில் கோவிலாகத் தங்கி, உகந்தையில் முருகனைக் கும்பிட்டு, குமண, யால காடுகளுக்குள் இறங்குகிற வழி. அந்த வழியில் நடந்தவர்களுக்குத் தெரியும்: கால் கொப்பளித்து வரும்போது ஆரென்று கேளாமல் ஒருவர் நீட்டும் மோரும், படுக்கக் கிடைக்கும் ஒரு மண்டபத் திண்ணையும் எவ்வளவு பெரிய விடயங்கள் என்று. இந்தக் கணவாயும் யாத்திரை வழிதான். 990ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் கன்ரபரி பேராயர் சிகெரிக் உரோமாபுரியிலிருந்து ஊர் திரும்பியபோது தங்கிய இடங்களின் பட்டியலில் பூர்-சென்-பியரும் இருக்கிறது. முதுகில் பொதியோடும் கையில் தடியோடும் உரோமாபுரி நோக்கி நடப்பவர்களை நாங்களும் கண்டோம்.

கதவைத் தள்ளி உள்ளே போனோம். நீண்ட கல் நடை, மங்கலான வெளிச்சம். ஓர் இளம்பெண் வந்து, எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்குமுன்பே எங்களை இருத்தி, பெரிய கிண்ணங்களில் தேநீர் ஊற்றினாள். வெறுந்தேநீர்தான், கொஞ்சம் இனிப்பு. மனைவி கிண்ணத்தைக் குடிக்காமல் இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே பிடித்துக்கொண்டு, முகத்துக்கு நேரே ஆவியை வாங்கியபடி வெகுநேரம் இருந்தாள். பிறகு கைப்பையைத் திறந்தாள். அந்தப் பெண் தலையை அசைத்து வேண்டாம் என்றாள். வந்தவர்களுக்குத் தேநீர் கொடுப்பது வீட்டு வழக்கம் என்று மகள் மொழிபெயர்த்துச் சொன்னாள். தங்கலுக்கும் சாப்பாட்டுக்கும் கட்டணம் உண்டு, முற்பதிவும் வேண்டும். ஆனால் மட்டான கட்டணம். இறைச்சி வேண்டாம் என்று பதியும்போதே சொல்லியிருந்தோம். இரவு நீண்ட மேசையில் எல்லோரோடும் இருந்து மரக்கறிச் சூப்பும் பாணும் பாற்கட்டியும் சாப்பிட்டோம். அறையில் கட்டில், கம்பளி, சாளரம். குளியலறை நடையின் மறுகோடியில். சொகுசு தேடுபவர்கள் எதிரே உள்ள விடுதியைப் பார்க்கலாம்.

மடத்துக்குள் அருங்காட்சியகமும் தேவாலயமும் இருக்கின்றன. நெப்போலியனின் படைத்தலைவர்களுள் ஒருவரான தெசே, இந்தக் கணவாயைப் படை கடந்து மூன்று வாரத்துக்குப் பின் 1800 யூன் 14ஆம் திகதி மரெங்கோ போரில் மாண்டவர், இங்கேதான் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். அவருக்குக் கல்லறை கிடைத்தது. பனியில் அகப்பட்டு இறந்த பெயர் தெரியாத வழிப்போக்கர்களுக்குக் குழி வெட்டவும் வழியில்லை. தரை பாறையும் உறைபனியும். அவர்களை ஒரு தனிக் கட்டடத்தில் வைத்தார்கள். குளிரில் உடல்கள் அழியாமல் அப்படியே இருந்தன. அந்தக் கட்டடத்தைப் பிற்காலத்தில் மூடிவிட்டார்கள்.

நாய்களைப் பற்றிச் சொல்லாவிட்டால் பேரப்பிள்ளைகள் விடமாட்டார்கள். பதினேழாம் நூற்றாண்டிலிருந்து மடத்தில் வளர்க்கப்பட்டு, பனியில் புதைந்தவர்களை மோப்பம் பிடித்த சென் பேர்னார் நாய்கள் இவை. அவற்றுள் புகழ்பெற்றது பரி. 1800இல் பிறந்து 1814இல் இறந்தது. 40க்கு மேற்பட்டவர்களைக் காப்பாற்றியதாகச் சொல்லப்படுகிறது. பதப்படுத்தப்பட்ட பரியை பேர்ண் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் முந்திய வாரம்தான் பார்த்திருந்தோம். கழுத்தில் சாராயப் பீப்பாய் தொங்கும் படம் உலகமெல்லாம் இருக்கிறது. அது 1820இல் ஆங்கில ஓவியர் ஒருவர் வரைந்த ஓவியத்திலிருந்து பரவியது, மடத்து வழக்கம் அல்ல. இப்போது மீட்புப் பணிக்கு உலங்குவானூர்தி வந்துவிட்டது. நாய்களை 2005இலிருந்து ஓர் அறக்கட்டளை பராமரிக்கிறது. மாரியில் மார்த்தினியில் இருப்பவை கோடையில் மேலே வருகின்றன. நாங்கள் போன நேரம் கன்றுக்குட்டி அளவில் ஒன்று வெயில் பட்ட கல்லில் கிடந்து குறட்டை விட்டது. நுழைவுச்சீட்டுக்குப் பெறுமதி உண்டா என்றால், குழந்தைகளோடு போனால் உண்டு.

பின்னேரம் ஏரிக்கரையால் நடந்தோம். கணவாயில் ஒரு சிறிய ஏரி; அதன் மறுகோடியில் இத்தாலி. சுங்கச் சாவடிக் கட்டடம் இருந்தது, ஆள் இருக்கவில்லை. ஷெங்கன் விசா இரண்டு நாட்டுக்கும் செல்லும். ஆனாலும் கடவுச்சீட்டைக் கையில் வைத்திருங்கள். போர்க்காலத்தில் வலையிறவுப் பாலம் கடந்து வாவியின் மேற்குப் பக்கமான படுவான்கரைக்கு உத்தியோகம் பார்க்கப் போய்வந்தவன் நான். எல்லைக்கல் தெரிந்ததும் வலது கை தானாகச் சட்டைப்பையைத் தடவியது, அடையாள அட்டை தேடி. மகள் கவனித்துவிட்டாள், ஒன்றும் சொல்லவில்லை. அப்பால் பத்தடி நடந்து இத்தாலியில் ஒரு கோப்பி குடித்தோம். சுவிஸ் கோப்பியை விட அது எவ்வளவோ மேல், விலையும் பாதி.

இத்தாலிப் பக்கத்தில் பாறையை வெட்டி உரோமர் அமைத்த வழியின் ஒரு துண்டு அப்படியே இருக்கிறது. அதன் அருகில் யூப்பித்தர் தெய்வத்துக்கு ஒரு கோவில் இருந்தது. கடக்க வந்தவர்கள் காசும், பெயர் பொறித்த சிறு வெண்கலத் தகடும் காணிக்கையாக இட்டார்கள்; அவற்றைத் தோண்டி எடுத்து மடத்து அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள். ஒரு தகட்டில் இலத்தீனில் இருப்பதன் பொருள் "போவதற்கும் திரும்புவதற்கும்" என்பது. முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு வண்டி எடுக்கிற எங்கள் சாரதிகள் வேறென்ன கேட்கிறார்கள்? வீட்டு வாசலில் நின்று "போயிற்று வாறன்" என்பதும் இதுதானே. அந்தத் தகட்டின் முன் மனைவி கைகூப்பியதை அருகில் நின்ற இத்தாலியர் இருவர் ஆச்சரியத்தோடு பார்த்தனர்.

இணையத்தில் நட்சத்திரம் போடும் வழக்கப்படி சொல்வதானால், விடுதிக்கு ஐந்தில் இரண்டரை, ஊருக்கு மூன்றரை, அணைக்கட்டுக்கு ஐந்தும். மடத்துக்குப் புள்ளி போட எனக்கு மனம் வரவில்லை. ஊரில் இரண்டு இரவு அதிகம்; ஒன்று போதும். மற்ற இரண்டையும் மேலே கழியுங்கள்.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். யூலையிலும் குளிர்ச்சட்டை, காதை மூடும் தொப்பி, பிடிமானமுள்ள சப்பாத்து கட்டாயம். செருப்போடு வந்த ஒரு குடும்பம் பேருந்தை விட்டு இறங்காமலே திரும்பியது. ஊரில் பலசரக்குக் கடையை நம்ப வேண்டாம், வேண்டியதை ஓர்சியேரில் வாங்கிக்கொள்ளுங்கள். மேலிருந்து கீழே நடந்து வரலாம், இறக்கம் 800 மீற்றருக்கு மேல். நானும் மகளும் பாதி வழி வந்துவிட்டு, என் முழங்கால் மறுத்ததால் சுரங்க வாயிலடியில் பேருந்தை மறித்தோம். சுடுதண்ணீர்ப் போத்தலை மடத்திலேயே நிரப்பிக்கொள்ளலாம். செப்ரெம்பர் கடைசிக்குப் பின் போவதானால் மேலே பேருந்து ஓடுகிறதா என்று மார்த்தினியில் விசாரித்துவிட்டு ஏறுங்கள். பனி முந்திவிட்டால் ஊரோடு திரும்ப வேண்டியதுதான்.